அம்மா போடாத கையெழுத்து

போன ஆடி மாதம் என் அண்ணன் மகள் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ஒரு பழைய கடிதத்தை என்னிடம் நீட்டினாள். 1985-ல் நான் எழுதியது. என் கையெழுத்து, ஆனால் பேசுவது என் அம்மா. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையைக் கேட்டு எழுதி வரச் சொன்னார் என்று அவள் ஆயாவுக்குக் கேள்விகள் அனுப்பியிருந்தாள். அம்மா தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன்.

அந்தக் கடிதத்தில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "சித்தப்பா, இங்கே 'ஓன்' என்று போட்டிருக்கிறீர்களே, அது யார்?" என்று கேட்டாள்.

பிரெஞ்சு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மொழியில் 'ஓன்' என்று ஒரு சிறு சொல் உண்டு. யாரோ ஒருவர், ஊரார், நாம், எல்லாரும், இதில் எதுவாகவும் அது இருக்கலாம். 'ஓன் எனக்குச் சொன்னது' என்று எழுதினால் 'சொன்னார்கள்' என்று பொருள். யார் சொன்னார்கள் என்று கேட்க முடியாது. நான் அவளிடம் "அக்கம்பக்கத்தார்தான், வேறு யார்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகின்றன. அந்தப் பதில் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அதனால் என் அம்மாவின் கதையை ஆதியிலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இது புதுச்சேரிக் கதையும்தான்.

அம்மா பிறந்தது 1922, முதலியார்பேட்டை. நான் வேலை பார்த்த காலத்தில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து 'எக்ஸ்த்ரே' எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்புகளில் ஒன்றாகச் சில வருஷம் இருந்தது. அப்போது அம்மாவின் பதிவையும் தேடிப் பார்த்தேன். கறுப்பு மையில் சாய்ந்த எழுத்தில் அவள் அப்பாவின் தொழில் 'திசெரான்' என்று இருந்தது, அதாவது நெசவாளி. என் தாத்தா அந்தச் சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். அவர் சவானா மில்லில் தறி ஓட்டியவர்.

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் மூன்று பெரிய மில்கள். ரோடியர் மில், சவானா மில், பாரதி மில். சங்கு ஊதினால் முதலியார்பேட்டை எழுந்திருக்கும், சங்கு ஊதினால் சோறு வைக்கும். வேலை நேரத்துக்கு எல்லை கிடையாது. சங்கம் வைக்க உரிமை கிடையாது. வ. சுப்பையாவும் அவர் தோழர்களும் தொழிலாளர்களைத் திரட்டியது அப்போதுதான். 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த சவானா தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம், 1937 ஏப்ரல் 6 அன்று, எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் ஆணை வந்தது. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியது நாங்கள்தான் என்று எங்கள் ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஜூலை 30 தியாகிகள் தினத்தில் கட்சிக்காரர்கள் மாலை போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அம்மாவுக்கு அன்றைக்குப் பதினான்கு வயது. தாத்தாவுக்குத் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு போனவள் வழியிலேயே நின்றுவிட்டாள். சத்தம் கேட்டது, ஆட்கள் ஓடிவந்தார்கள், யாரோ ஒரு கிழவி அவள் கையைப் பிடித்து ஒரு திண்ணைக்குப் பின்னால் இழுத்து உட்கார வைத்தாள். அவ்வளவுதான் அவள் பார்த்தது. தாத்தா ராத்திரி வீடு வந்து சேர்ந்தார், அடிகூட இல்லை. ஆனால் அம்மாவுக்கு அதற்குப் பிறகு காக்கி உடை என்றாலே ஆகாது. சாகும்வரை, தபால்காரர் வந்தால்கூட ஒரு கணம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கித்தான் வெளியே வருவாள்.

1940-ல் கல்யாணம். அப்பா பிரெஞ்சு அரசாங்கத்தில் 'கொம்மி', அதாவது குமாஸ்தா. மில்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது பெரிய இடம். அந்த வருஷம்தான் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. புதுச்சேரியில் அப்போது கவர்னராக இருந்த போன்வேன், செப்டம்பரில் டிகோல் பக்கம் சேர்ந்துகொண்டார். சுற்றிலும் இங்கிலீஷ்காரன் சீமை, வேறு வழியும் இல்லை. பர்மா ஜப்பானிடம் போனதும் அரிசி வரத்து நின்றது. அண்ணன் 1943 தொடக்கத்தில் பிறந்தான். பிள்ளைத்தாய்ச்சியாகக் கியூவில் நின்றது, கேழ்வரகையும் மரவள்ளியையும் தின்றது எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் அதைத் துக்கமாகச் சொன்னதே இல்லை. "உங்க அண்ணன் கேவுருக் கூழுல வளந்தவன், அதான் கறுப்பு" என்று சிரிப்பாள்.

துக்கமாகச் சொன்னது அவள் தம்பியைப் பற்றி, என் தாய்மாமனைப் பற்றி. 1946 மே 7 சட்டத்தின்படி பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் மக்கள் எல்லாருமே பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன் எங்கள் ஊரில் 'ரெனோன்சான்' என்று ஒரு வகை இருந்தது. 1881 ஆணைப்படி சொந்த ஜாதி வழக்கச் சட்டங்களை விட்டுக்கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள். அந்தக் குடும்பங்களிலிருந்துதான் இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் நிறையப் பேர் போனார்கள். சைகோனில் புதுச்சேரிக்காரன் இல்லாத ஆபீஸ் இல்லை என்பார்கள். சட்டம் மாறிய பிறகு மாமாவைப் போன்ற மில்காரர் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வந்தது. 1948-ல் போனார். 'சொல்தா' ஆனார். 1951-ல் ஒரு காகிதம் வந்தது.

வீட்டில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் ஆபீஸ் விட்டு வரும்வரை, பகல் முழுக்க, ஆயாவும் அம்மாவும் அதை சாமி மாடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்களாம். பணம் வரப்போகிற காகிதம் என்று ஆயா நினைத்திருக்கிறாள். ஒரு விதத்தில் அதுவும் உண்மைதான். அதற்குப் பிறகு மகன் செத்ததற்காக ஆயாவுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. அதை வாங்க அம்மாதான் துணைக்குப் போவாள். அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியை அம்மா தனியாக ஆக்கி ஆயாவுக்கு மட்டும் போடுவாள். நாங்கள் தொட்டால் கையில் அடி விழும். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, 1938-ல் திறந்தது, அங்கே ஒவ்வொரு ஜூலை 14-ம் தேதியும் விளக்கு போடுவார்கள். அம்மா தவறாமல் போவாள். சற்றுத் தள்ளி நின்று, தீபாராதனைக்கு வைப்பதுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் கொஞ்சம் படித்துவிட்ட திமிரில் ஒருமுறை சொன்னேன்: "அம்மா, அது முதல் உலகப் போர்ல செத்தவங்களுக்கு. மாமா பேரு அதுல இல்ல." அம்மா சொன்னாள்: "செத்தவனுக்கெல்லாம் ஒரே விளக்குதான்டா."

1954-ஐப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, பலர் எழுதிவிட்டார்கள். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. எனக்கு நான்கு வயது. அப்பாவுக்குச் சம்பளம் கொடுக்கும் கை மாறியது, நாற்காலி மாறவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று. கடலூர் போகும் வழியில் இருந்த சுங்கச் சாவடி ஒழிந்தது. 1949 முதல் இந்திய அரசு போட்டிருந்த அந்தக் கெடுபிடியில், ஒரு வேட்டி கொண்டுபோனாலும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஊரில் கடத்தல் அப்படி நடந்தது என்பதும் உண்மை. கைக்கடிகாரம், தங்கம் எல்லாம் போனது. அதற்குச் சோதனை அனுபவித்தது மஞ்சள் கயிறு மட்டும் போட்டிருந்த என் அம்மாவைப் போன்றவர்கள்.

ஆனால் 1954-ல் கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படி நாங்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள். 1956 மே 28 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரிசில் அதற்கு ஒப்புதல் கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்று. அல்ஜீரியச் சண்டை நடக்கும்போது இன்னொரு மண்ணை விட்டுக்கொடுத்தோம் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? 1962 ஆகஸ்ட் 16-ல்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் எங்களுக்கு இரண்டு விடுதலை நாள்.

அந்த ஒப்பந்தத்தில் 28-வது விதிக்கு நான் தனிப்பட்ட முறையில் கடமைப்பட்டவன். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சி மொழியாக இருக்கும் என்கிறது அது. என் பிரெஞ்சுப் படிப்புக்கு ஒரு குமாஸ்தா வேலையாவது கிடைத்தது அதனால்தான். ஆனால் எங்கள் தெருவைப் புரட்டிப் போட்டது 4-ம், 5-ம் விதிகள். இந்த எல்லைக்குள் பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் சொல்வதே முடிவு. தகப்பன் இல்லையென்றால் தாய்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'எல்லைக்குள் பிறந்து' என்ற அந்த இரண்டு சொல்லில் எத்தனை வேடிக்கை பாருங்கள். நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவார்கள். தாய் வீடு கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்தால் பிள்ளை எல்லைக்கு வெளியே பிறந்தது. அப்படிப் பிறந்த பிள்ளையை அந்த விதி தொடவில்லை என்று பிற்காலத்தில் வழக்குக்குப் போனவர்கள் உண்டு. பாட்டி எந்த ஊரில் பெற்றாள் என்று தேடிக்கொண்டு என் மேசைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! டெல்லியிலும் பாரிசிலும் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு வளைகாப்பு தெரியாது. நாங்கள் எல்லாம் முதலியார்பேட்டையிலேயே பிறந்தவர்கள், எங்களுக்கு அந்தச் சங்கதி கிடையாது.

அப்பா 1959-லேயே மாரடைப்பில் போய்விட்டார். ஆக எனக்கும் அக்காவுக்கும் அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். அண்ணனுக்குப் பத்தொன்பது, அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்ளலாம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு வயது.

அந்த ஆறு மாதமும் தெருவில் வேறு பேச்சில்லை. விளக்கு வைத்த பிறகு திண்ணைகளில் கூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பென்ஷன் சொல்தா தன் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து, பிரெஞ்சுக்காரன் கைவிட மாட்டான் என்று பேசுவார். எதிர் வீட்டு மில் தொழிலாளி, சுட்டவனோடு என்னய்யா சொந்தம் என்பார். ஊரில் பெரும்பாலோர் எதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாமலிருந்தாலே இந்தியர் ஆகிவிடலாம் அல்லவா? ஒரு சில ஆயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சொன்னான். அம்மா குழம்பு ஊற்றுகிற கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

ஆனால் அதற்கு மறுநாளே அவள் மனம் மாறத் தொடங்கியது. ஒரு பிள்ளை அங்கே, இரண்டு பிள்ளை இங்கே என்று குடும்பம் பிரிந்துவிடக் கூடாது என்ற எண்ணம். பக்கத்து வீட்டு சொல்தாவிடம் கேட்டு விண்ணப்பக் காகிதத்தை வாங்கி வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கூப்பிட்டு அடுப்படி வாசலில் உட்கார வைத்தாள். "படிச்சு அர்த்தம் சொல்லுடா."

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எனக்கு அன்று ஏற்பட்ட கர்வத்தை எப்படி எழுதுவது? ஒரு பெரிய மனிதனைப்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். முடித்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் இதுல கையெழுத்துப் போட்டா, உன்னப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவாங்களா?"

அந்தக் காகிதத்தில் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரெஞ்சுக் குடிமகனுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆமாம், வயது வந்தால் கொஞ்ச காலம் போய் வர வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். நான் சொன்னது இது: "ஆமாம்மா. பதினெட்டு ஆனதும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அல்ஜீரியாவுல சண்டை நடக்குதில்ல, அங்கதான்."

அல்ஜீரியாவில் சண்டை முடிந்துவிட்டது. அந்த வருஷம் ஜூலையிலேயே அந்த நாட்டுக்கு விடுதலை கிடைத்தாயிற்று. எங்கள் வாத்தியார் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அறுபது வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஊரை விட்டுப் போகப் பயமா, அண்ணன்மேல் கோபமா, அல்லது எனக்குத் தெரிந்த ஒரு பெரிய பெயரைச் சொல்லிக் காட்டும் ஆசையா? கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. அம்மா காகிதத்தை நான்காக மடித்தாள். அரிசிப் பானைக்குள் வைத்தாள். தை போய் மாசி பிறந்த வாரத்தில் கெடு முடிந்தது. அந்தக் காகிதம் பிறகு என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை, அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

அண்ணன் 1963-ல் பம்பாய் போய்க் கப்பல் ஏறினான். பட்டாளத்தில்தான் சேர்ந்தான். அந்த நாளில் எங்கள் ஊர்ப் பையன்கள் பலருக்குப் பிரான்ஸ் போக வழியே ராணுவச் சேவைதான். அவனை யாரும் எந்தச் சண்டைக்கும் அனுப்பவில்லை. கிழக்குப் பிரான்சில் ஒரு முகாமில் குளிரில் நடுங்கிக்கொண்டு காவல் காத்தான், வெளியே வந்தான், தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தான். புதுச்சேரிப் பெண்ணையே கட்டிக்கொண்டான். ஒரு மகள், ஒரு மகன். ஒருமுறைகூடத் தவறாமல் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பினான்.

நான் 'பிரவே' முடித்துவிட்டு 1971-ல் புதுச்சேரி அரசில் எல்.டி.சி. ஆனேன். பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு நேர்ந்ததை எழுதினால் அது தனிக் கட்டுரை. கோப்பில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதத் தெரியாது, இலாகாத் தேர்வு ஆங்கிலத்தில். என்னைவிடச் சின்னப் பையன்கள் யு.டி.சி. ஆகிப் போவார்கள், நான் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கைக்கு வந்தது இருநூற்றுச் சொச்சம். அதில் வீடு, அக்கா கல்யாணக் கடன், பிறகு என் மனைவி, பிள்ளைகள்.

1978-ல் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். டேப் ரிக்கார்டர், செண்ட் பாட்டில், என் பிள்ளைகளுக்கு உடுப்பு. போகும்போது என் பையில் பணம் வைத்தான், நான் வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி அம்மாவிடம் கத்தினேன். "அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் இப்படிக் கை நீட்டிக்கிட்டு நிக்கணுமா? உன் பயத்தால என் வாழ்க்கை போச்சு."

என் மனைவி வாசலில் நின்றாள், பிள்ளைகள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். "நீதானே சொன்னே" என்று இரண்டு சொல் போதும், என் வாய் ஆயுசுக்கும் அடைத்திருக்கும். அவள் சொன்னது, "ஆமாம்டா. என் புத்தி அப்படிப் போச்சு." சொல்லிவிட்டு என் சின்ன மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு போனாள்.

என் பிள்ளைகள் இருவரையும் வளர்த்தது அவள்தான். என் மனைவியும் வேலைக்குப் போனவள். காலை ஏழு மணிக்கு இரண்டு தூக்கு, இரண்டு டிபன் டப்பா, இரண்டு பிள்ளைக்கும் தலை வாரிப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவாள். பெரியவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. மார்கழியில் ராத்திரியெல்லாம் அவனை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். பள்ளிக்கூடத்துக்கே போகாதவள், பேரப்பிள்ளைகளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கச் சொல்லித் தப்புக் கண்டுபிடிப்பாள். கேட்டுக் கேட்டே மனப்பாடம்.

ஆனால் அண்ணன் பிள்ளைகள்தான் அவளுக்குப் பெரிய பரீட்சை. 1976-ல் அவர்கள் முதல்முறை வந்தபோது மகளுக்கு நான்கு வயது. தம்பி கைக்குழந்தை. வெயில் நேரம், அண்ணனும் அண்ணியும் வெளியே போயிருந்தார்கள். நான் ஆபீசில். பெண் குழந்தை "ழெ சுவாஃப், ழெ சுவாஃப்" என்று அழுதுகொண்டே இருந்திருக்கிறாள். அம்மா முறுக்கு கொடுத்தாள், வாழைப்பழம் கொடுத்தாள், மடியில் போட்டு விசிறினாள், சூடு பிடித்துக்கொண்டதோ என்று வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். குழந்தை இன்னும் பெரிதாக அழுதது. நான் மத்தியானம் சாப்பிட வந்தவன் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், மடமடவென்று குடித்துவிட்டுத் தூங்கிப்போனது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாமல் போய்விட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "தாகம், பசி, வயித்துவலி, தூக்கம், ஒண்ணுக்கு. இந்த அஞ்சையும் அவங்க பாஷையில சொல்லுடா." அவளுக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் தமிழ் எழுத்தில் எழுதினாள், அவள் வாசிக்க அம்மா மனப்பாடம் செய்தாள். ஐம்பத்து நான்கு வயதில் ஆரம்பித்தாள். அடுத்த முறை அவர்கள் வந்தபோது நூறு சொல்லாவது இருக்கும். பிரெஞ்சில் மேசை பெண்பால், அடுப்பு ஆண்பால் என்றெல்லாம் இருக்கிறதே, அதை அவள் மதிக்கவே இல்லை. மேசைக்கு என்னடா ஆணும் பெண்ணும் என்பாள். 'வியேன் இசி', 'மான்ழ்', 'தோர்', வா, சாப்பிடு, தூங்கு. ஒரு பாட்டிக்கு இதற்கு மேல் இலக்கணம் தேவையில்லை. குழந்தைகள் சிரிப்பார்கள், திருத்துவார்கள், அவளும் திருப்பிச் சொல்லுவாள். நான் பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்த மொழியை அவள் அடுப்படியில் படித்தாள்.

அவர்கள் திரும்பும்போது பெட்டியில் வடவம் வைப்பாள். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் சேர்த்து, விளக்கெண்ணெய் பிசிறி உருண்டை பிடித்துப் பத்து நாள் காயவைப்பது. வாசனை விமானத்தில் தூக்கும் என்று அண்ணி பயப்படுவாள். மூன்று பிளாஸ்டிக், அதற்கு மேல் துண்டு, அதற்கு மேல் அண்ணனின் பேன்ட். இப்போது அங்கே பெரிய ஓட்டல்களில் 'வதுவான்' என்று பொடியாக்கி மீனுக்கும் கோழிக்கும் தூவுகிறார்களாம். பெரிய விலையாம். அண்ணன் மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

1985 கடிதத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். பேத்தியின் கேள்விகளை நான் வாசித்தேன். அம்மா சொன்னதை எழுதினேன். இரண்டு இடத்தில் நான் கை வைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 1936-ஐப் பற்றி அவள் "வெள்ளைக்காரன் பட்டாளம் சுட்டுது" என்றாள். நான் 'அதிகாரிகள் சுட உத்தரவிட்டார்கள்' என்ற தோரணையில் எழுதினேன். பிரெஞ்சு வகுப்பறையில் என் அண்ணன் மகள் அதை வாசிக்க வேண்டுமே என்ற நினைப்பு. குமாஸ்தா புத்தி.

இன்னொரு கேள்வி, 'அப்பா பிரெஞ்சுக்காரராக இருக்கும்போது ஆயா ஏன் இந்தியர்?' என்பது. நான் அதை வாசித்துவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டா பிள்ளையப் பட்டாளத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னாங்க. என் தம்பி அப்படித்தான் போனான். பயந்துட்டேன், போடல. அப்படின்னு எழுது."

'சொன்னாங்க.' தமிழில் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. யாராவது ஒருவரை எழுதியே ஆக வேண்டும். நான் 'ஓன்' என்று எழுதினேன். இலக்கணப்படி அது சரியான மொழிபெயர்ப்பு, என் பழைய வாத்தியார் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். எழுதியதை அவளுக்குத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டினேன். "சரி, ஒட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தாள். ஒருநாளாவது கேட்டிருக்கலாம், மன்னிப்பு என்று பெரிய சொல் வேண்டாம், "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா" என்றாவது. கேட்கவில்லை. 2003 ஐப்பசியில், அடைமழையில், என் பெரிய மகன் மடியில் தலை வைத்துப் போனாள். மூச்சிரைப்புக்காரன், அவளை நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று. அவன் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கொள்ளி அவன்தான் வைத்தான். இறப்புப் பதிவு விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். குடியுரிமை என்ற கட்டத்தில் 'இந்தியர்' என்று எழுதினேன்.

அண்ணனும் இப்போது இல்லை. அவன் மகளுக்குத் தமிழ் பேசினால் பாதி புரியும், படிக்க வராது. அவள் மகன் பாரிசில் இனால்கோவில் தமிழ் படிக்கிறானாம், இரண்டாம் வருஷம். எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், வாட்ஸ்அப்பில் எனக்கு 'வணக்கம் தாத்தா' என்று அனுப்புகிறான். இதை அவனுக்கு அனுப்பப் போகிறேன். புரியாத இடத்தில் அகராதி பார்த்துக்கொள்ளட்டும், நான் பார்த்ததுபோல. அவன் தன் அம்மாவுக்குப் படித்துச் சொல்லும்போது, பென்சில் கோடு போட்ட அந்த வரிக்கு வந்ததும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த 'ஓன்' நான்தான்.